சங்கக் கண்காட்சியில் பாஸ்டல் நிலக்காட்சிகள்: ஃபிக்ஸேட்டிவ் அடிக்கலாமா, எப்படி ஃபிரேம் போடுவது?

மேகமூட்டம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களுக்கு முன்பு ஓர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன், இப்போது உறுப்பினர் கண்காட்சிக்கு ஆளுக்கு மூன்று படம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சாஃப்ட் பாஸ்டலில், அதாவது சாக்பீஸ் மாதிரி தூளாகும் வண்ணக்குச்சியில், போட்ட நிலக்காட்சிகள் ஏழெட்டு இருக்கின்றன, பெரும்பாலும் மழைக்கு முந்தைய வானம், குளக்கரை, அறுவடை முடிந்த வயல். அப்புறம் அதே இடங்களில் உட்கார்ந்து கரியிலும் பென்சிலிலும் வரைந்த கோட்டோவியங்கள் ஒரு கட்டு. இதுவரை எதற்கும் ஃபிரேம் போட்டதில்லை, எல்லாம் பட்டர் பேப்பர் போர்த்தி ஒரு அட்டைக்குள் கிடக்கின்றன.

போன வாரம் சோதனைக்காகப் பழைய படம் ஒன்றில் ஃபிக்ஸேட்டிவ் (தூள் உதிராமல் பிடித்து நிறுத்தும் தெளிப்பு) அடித்துப் பார்த்தேன். மேகத்தின் ஓரத்தில் கடைசியாக வைத்த வெளிச்சம் அப்படியே அமுங்கிப்போய் ஈரச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. மனசே சரியில்லை. அடிக்காமல் விட்டால் தூள் கொட்டுமே என்றும் பயம். கண்ணாடி கனமாக இருக்கும், அக்ரிலிக் தகடு போட்டுக்கொள் என்கிறார் நண்பர். சரியா? இன்னொன்று, வண்ணப் படங்களுக்குப் பக்கத்தில் கரி ஓவியத்தை வைத்தால் யாராவது நின்று பார்ப்பார்களா, அல்லது மூன்றையும் வண்ணமாகவே கொடுத்துவிடலாமா?

பழையசட்டம் எழுதியது:

எங்கள் சங்கத்தில் படம் மாட்டும் குழுவில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெளிச்சம் அமுங்கியதற்கு நீங்கள் அடித்த விதம் மட்டும் காரணமில்லை. பாஸ்டல் குச்சியில் நிறத்தூளோடு பெரும்பாலும் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கும், பிடித்து நிறுத்தும் பிசின் மிகக் கொஞ்சம்தான். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் காற்று இருப்பதால்தான் அந்த வெளிர் நிறம் பளிச்சென்று தெரிகிறது. ஃபிக்ஸேட்டிவ் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் சுண்ணாம்பு பாதி ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், அடியில் இருக்கும் கருநிறம் மேலே வந்துவிடும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து போய்விட்டது போலிருக்கும், காய்ந்ததும் வெள்ளையாகத் திரும்ப வரும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான், ஆனால் இங்கே அது திரும்பி வராது.

அதனால் நடுவில் அடியுங்கள், கடைசியில் அடிக்காதீர்கள். பிரெஞ்சு ஓவியர் தெகா அடுக்குக்கு அடுக்கு ஃபிக்ஸேட்டிவ் அடித்துத்தான் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனார். அடியில் இருக்கும் மரமும் நிழலும் பிடித்து நிற்கட்டும், கடைசி வெளிச்சத்தை மட்டும் அதன் மேல் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கனவே முடிந்த படங்களைத் தொடவே வேண்டாம். ஃபிரேம் போடும் முன் படத்தை ஒரு பலகையில் கிளிப் போட்டு நிமிர்த்தி நிறுத்தி, பின்பக்கம் விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். விழ வேண்டியது அப்போதே விழுந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், சில நிறத்தூள்கள் நுரையீரலுக்கு ஆகாது.

அக்ரிலிக் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது நீர்வண்ணத்துக்குச் சரி, பாஸ்டலுக்கு ஆபத்து. சாதாரண அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறிவிடும், காகிதத்திலிருந்து தூளை உறிஞ்சித் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். நிலைமின்சாரம் ஏறாத பூச்சு போட்ட தகடும் உண்டு, அது கிடைத்தால் சரி, இல்லையென்றால் கண்ணாடியே போடுங்கள். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதுதான் முக்கியம். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டையின் கனம் மட்டும் போதாது, அதன் பின்னால் வெளியே தெரியாதபடி 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்பேசர், அதாவது இடைவெளி விடும் பட்டை, வைக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரின் வெட்டு விளிம்பு முன் மவுண்டின் விளிம்புக்குப் பின்னால் மறைந்து, ஃபிரேம் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். அப்போது பிற்பாடு உதிரும் தூள் மவுண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளத்தில் விழும், வெள்ளை அட்டையின் சரிவில் நீல மாவு மாதிரி வந்து உட்காராது. எங்கள் கண்காட்சியில் அப்படி உட்கார்ந்த படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்வையாளர் கண் நேராக அங்கேதான் போகும்.

படத்தை மவுண்டில் ஒட்ட மாஸ்கிங் டேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கீல் (மடித்து ஒட்டும் சிறு காகிதப் பட்டை) போட்டுத் தொங்கவிட்டால் போதும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரக்காற்றில் காகிதம் விரியும்போது நடுவில் அலை எழும்பும்.

பின்னால் மாட்டும் வளையங்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கட்டும். மேலே ஒற்றைக் கொக்கி அடித்துக் கொண்டுவந்தால் எங்களைப் போன்ற ஆட்கள் முறைப்போம், சில சங்கங்களில் வாங்கவே மாட்டார்கள். எடுத்துப் போகும்போது கண்ணாடி மேலே பார்க்கும்படி படுக்க வைத்தே கொண்டுபோங்கள், கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் ஒருவேளை உடைந்தாலும் சில்லு படத்தின் மேல் விழாது.

புழுதிவிரல் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஃபிரேம் போடுபவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். என் படத்தை ஓர் இடத்தில் கொடுத்தேன், திரும்பி வாங்கும்போது அந்திவானம் பாதி காணோம். கேட்டால், “மேல நிறைய தூசி இருந்துச்சு சார், மெல்லிசு பிரஷ்ல சுத்தமா தட்டிட்டேன்” என்கிறார், முகத்தில் உதவி செய்த திருப்தி. என்னத்தைச் சொல்ல. அன்றிலிருந்து மவுண்டும் கண்ணாடியும் வெட்டி வாங்கி வந்து வீட்டு மேசையிலேயே நான்தான் அடைக்கிறேன்.

கோடுமட்டும் எழுதியது:

நான் கோட்டோவியக் கட்சி, அதனால் சார்பாகத்தான் பேசுவேன். மூன்றில் ஒன்று கண்டிப்பாகக் கரி ஓவியமாக இருக்கட்டும். ஆனால் குளக்கரையின் வண்ணப்படத்துக்குப் பக்கத்தில் அதே குளக்கரையின் முன்வரைவை மாட்டாதீர்கள். பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு, “ஓ, இதுக்கு அது ரஃப் காப்பி” என்று முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். வேறு இடம், வேறு வானம் கொடுங்கள், மூன்றுக்கும் ஒரே மவுண்ட் நிறம், ஒரே சட்டம். ஒரு கை வரைந்தது என்று தூரத்திலேயே தெரியும்.

கரிக்கு நிலைமை நேர் எதிர், ஃபிக்ஸேட்டிவ் இல்லாமல் நிற்காது, கறுப்பு இன்னும் கறுப்பானால் யாரும் அழப்போவதில்லை. ஒரே வீச்சில் நனைக்காமல் ஒரு கை தூரத்திலிருந்து மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. பென்சில் என்றால் கிட்டே வந்துதான் பார்ப்பார்கள், அடர்ந்த கிராஃபைட் வேறு மினுங்கும், அதனால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம் என்று குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லை. கரி, கிராஃபைட் இரண்டும் கார்பன்தான், வெயிலில் மங்காது. பாஸ்டலில் சில ரோஜா, ஊதா நிறங்கள் மங்கும். காகிதத்தில் இருக்கும் படங்களை அருங்காட்சியகங்களில் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் வைப்பது சும்மா இல்லை. நான் செய்வது, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு கோடு போட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னலில் சில மாதம் ஒட்டிவைத்துவிடுவேன். பிரித்துப் பார்த்தபோது விலை உயர்ந்த ஒரு ஊதா சாம்பலாகிக் கிடந்தது. அந்தி வானம் வரைபவர்கள் இதைச் செய்யாமல் படத்தை விற்கக் கூடாது என்பது என் கருத்து.

பாஸ்டலில் நிலக்காட்சியா என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், நடன மங்கைகளுக்குப் பெயர்போன அதே தெகா 1892ல் பாரிஸில் நிலக்காட்சிகளை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார் என்று சொல்லுங்கள். அச்செடுத்த வண்ணத்தின் மேல் பாஸ்டல் போட்டவை அதில் நிறைய.

மேகமூட்டம் எழுதியது:

அடேங்கப்பா, நன்றி. படங்களைத் தட்டிப் பார்த்தேன், கீழே விரித்த செய்தித்தாளில் நேர்கோடாக ஊதாத் தூள், விபூதி கொட்டிய மாதிரி. படத்தில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை! இரண்டு பாஸ்டல், ஒரு கரி என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சிக்கல், பாஸ்டலில் நன்றாக வந்திருக்கும் ஒன்று, மலைமேல் மேகம் இறங்குவது, இணையத்தில் பார்த்த புகைப்படத்திலிருந்து வரைந்தது. கொடுக்கலாமா? விலை எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை, மலிவாக வைத்தால் போய்விடும் என்கிறார்கள்.

பழையசட்டம் எழுதியது:

அந்த மலையைக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் புகைப்படத்தை அனுமதி இல்லாமல் பார்த்து வரைந்ததும், வகுப்பில் ஆசிரியர் கை வைத்ததும் பெரும்பாலான சங்கங்களில் விதிப்படி ஆகாது. விதி இல்லாவிட்டாலும், அந்தப் புகைப்படத்தைப் பார்த்த ஒருவர் அரங்கத்துக்குள் வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

விலைக்கு முன்னால் சங்கம் விற்பனையில் எத்தனை சதவீதம் எடுக்கும் என்று கேளுங்கள், ஃபிரேம் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தால் விலையும் ஒன்றாக இருக்கட்டும், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று ஒன்றை மட்டும் ஏற்றாதீர்கள். அவ்வளவு பிடித்திருந்தால் விற்பனைக்கு அல்ல என்று எழுதிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. கண்காட்சியில் பார்த்தவர் பிறகு நேரில் வந்து குறைத்துக் கேட்டால் சங்கத்தை ஒதுக்கிவிட்டு விற்காதீர்கள், அந்தப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குள் எல்லோர் காதுக்கும் வந்துவிடும்.

மேகமூட்டம் எழுதியது:

புரிந்தது, மலைக்குப் பதில் வயல் போகிறது. கடைசியாக ஒன்று, படிவத்தில் ஊடகம், அளவு என்று இரண்டு கட்டம் இருக்கிறது. சும்மா பாஸ்டல் என்று போட்டால் போதுமா?

கோடுமட்டும் எழுதியது:

போதாது, ஆயில் பாஸ்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். காகிதத்தில் சாஃப்ட் பாஸ்டல், காகிதத்தில் கரி என்று எழுதுங்கள். அளவு படத்துடையதா ஃபிரேமுடையதா என்று படிவத்திலேயே போட்டிருக்கும், பாருங்கள், மாட்டும் குழுவுக்கு வேண்டியது ஃபிரேம் அளவு. உயரம் முதலில், அகலம் அப்புறம்.