ஸ்பார்க் ஷெல்லுல ஓடுது, தனி ஆப்பா கட்டுனா விழுந்துருதுங்க

பல்லடத்துக்காரன்:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு நிட்டிங் ஷெட்ல கணக்குப் பாக்கறேன். மெஷின்ல இருந்து இறங்கற ஒவ்வொரு ரோலுக்கும் லாட் நம்பர், டயா (விட்டம்), எடைன்னு சிஎஸ்வில ஒரு வரி விழுகும். லாட், டயா வாரியா மொத்த எடை எடுக்கோணும். ஸ்பார்க் 3.5 (பெரிய டேட்டாவைப் பிரிச்சுக் கணக்குப் போடற சாஃப்ட்வேர்) இறக்கி, அதோட ஷெல்லுல (கமாண்டை வரி வரியா அடிக்கற இடம்) வகைவாரியா பிரிக்கற குரூப்பை (groupBy) போட்டேன், கரெக்டா வந்துச்சு. அதையே ஸ்காலாங்கற புரோகிராம் மொழில தனி ஆப்பா எழுதி எஸ்பிடி (ஸ்காலா கோடைக் கட்டற டூல்) பேக்கேஜ் குடுத்தா ஜாரும் (கட்டுன கோடு இருக்கற ஃபைல்) சுத்தமா வருது. ஸ்பார்க்-சப்மிட் (ஜாரை ஸ்பார்க்குல ஓட்டற கமாண்ட்) பண்ணுனா குரூப்பை வரியில நின்னுக்குது:

நோசச்மெத்தட்எரர்: ஸ்காலாரன்டைம்... ராப்ரெஃப்அர்ரே

ஜார் இருக்கறது: டார்கெட்/ஸ்காலா-2.13/ரோல்கணக்கு_2.13-0.1.ஜார்

மெமரி கூட்டியும் ஒன்னும் ஆகலீங்க.

ஈரோட்டான்:
கோடுக்குள்ளயே மாஸ்டர் (ஸ்பார்க் எங்க ஓடோணும்ங்கற செட்டிங்) லோக்கல்[*]னு, அதாவது இந்த மெஷின்லயேன்னு எழுதிப் பாருங்க. எனக்கு அப்படித்தான் ஓடுச்சு.

நொய்யல்கரை:
ஈரோட்டாரே, அது வேற எரருங்க. ஸ்பார்க்-சப்மிட் இல்லாம ஐடிஇல (கோடு எழுதற சாஃப்ட்வேர்) நேரா ரன் குடுத்தாத்தான் மாஸ்டர் யுஆர்எல் எங்கன்னு கேக்கும். சப்மிட்ல ஒன்னும் சொல்லலைன்னா தானா லோக்கல்[*] எடுத்துக்கும். கோடுக்குள்ள மாஸ்டர் எழுதறது எனக்குப் பிடிக்காது. கமாண்ட்ல குடுக்கறதை விட கோடுல இருக்கறதுதான் செல்லும். நாளைக்கு கிளஸ்டருக்கு (பல மெஷின் சேந்தது) அனுப்புனாலும் ஒத்தை மெஷின்லயே உக்காந்து ஓடும்.

தம்பி, உங்க பதில் ஜார் பேருலயே இருக்குது. 2.13னு போட்டிருக்குது பாருங்க. ஸ்பார்க் 3.5ல வழக்கமா இறக்கற பேக்கேஜ் ஸ்காலா 2.12ல கட்டுனது. ஸ்பார்க்-சப்மிட் --வெர்ஷன் அடிச்சா அதுவே சொல்லும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாது. 2.13 கம்பைலர் கூப்புடற மெத்தட் 2.12 லைப்ரரில கிடையாது, அதனால கம்பைல் ஆகும், ஓடறப்பத்தான் விழுகும். பில்டு ஃபைல்ல ஸ்காலாவெர்ஷனை 2.12.18க்கு மாத்துங்க. டிபென்டென்சில (வேணுங்கற லைப்ரரி பட்டியல்) %% (ஸ்காலா வெர்ஷனை லைப்ரரி பேருல தானா சேக்கற குறி) போட்டிருந்தா மிச்சத்தை அதுவே பாத்துக்கும். ஸ்பார்க் லைப்ரரியை 'புரொவைடட்'னு குறிங்க, அது சப்மிட் பண்ற பக்கமே இருக்குது. எக்ஸ்டென்ட்ஸ் ஆப்புன்னு (extends App) எழுதாம மெயின் மெத்தடே வைங்க.

பல்லடத்துக்காரன்:
ஓடிருச்சுங்ணா! ஆனா கடைசில ஷெட்டோட மொத்த எடைன்னு ஒன்னு பிரிண்ட் பண்றேன், அது மட்டும் 0ன்னு வருது. மெயினுக்குள்ள ஒரு வேரியபிள் வெச்சு, ஃபோர்ஈச்ல ஒவ்வொரு ரோலா கூட்டறேன்.

நொய்யல்கரை:
அப்படிக் கூட்டக்கூடாதுங்க. ஃபோர்ஈச்சுக்குள்ள எழுதறது டிரைவர்ல (உங்க மெயின் ஓடற பக்கம்) ஓடாது. வேரியபிளோட சேத்து நகல் எடுத்து எக்ஸிகியூட்டருக்குப் (டேட்டா வேலையைச் செய்யற பக்கம்) போகும். அக்கட்ட நகல்ல கூட்டுனா இக்கட்ட உங்க வேரியபிள் 0லயேதான் நிக்கும். எடை காலத்துக்கு (column) ஆக்-ல (agg) சம் போட்டு ஒரே வரியா வாங்கிக்கங்க. எக்ஸிகியூட்டர்ல கூட்டறதை டிரைவருக்குச் சேத்துக் குடுக்கற அக்யுமுலேட்டர்னு ஒன்னு இருக்குது, இதுக்குத் தேவையில்ல.

ஈரோட்டான்:
ஃபைல் எத்தனை பெருசுங்க?

பல்லடத்துக்காரன்:
ஒரு வருசத்துது 40 எம்பி இருக்கும்.

ஈரோட்டான்:
ஏனுங்க, அத்தனைக்கு ஸ்பார்க்கே தேவையில்லையே! கத்துக்கறதுக்குன்னா சரி.

பல்லடத்துக்காரன்:
கத்துக்கத்தானுங்க. சம் சரியா வந்துருச்சு. ரிசல்ட்டை சிஎஸ்வியா எழுதச் சொன்னா ஃபைலுக்குப் பதிலா ஃபோல்டர் வருதே?

நொய்யல்கரை:
அப்படித்தான் வரும். ஒவ்வொரு பார்ட்டிஷனும் (ஸ்பார்க் பிரிச்சு வெச்ச டேட்டாத் துண்டு) தனித்தனி பார்ட் ஃபைலா விழுகும். உங்க சைஸுக்கு எழுதறதுக்கு முன்னாடி கோலெஸ்(1) போட்டு எல்லாத்தையும் ஒன்னாக்குனா ஃபோல்டருக்குள்ள ஒரே பார்ட் ஃபைல்தான் இருக்கும். மோடு ஓவர்ரைட்னு குடுத்துருங்க, இல்லாட்டி அடுத்த வாட்டி ஓட்டறப்ப பாத் ஏற்கெனவே இருக்குதுன்னு நின்னுக்கும்.