சிஐடி பார்த்து வளர்ந்து, சிஐடி பார்த்தே அலுத்துப்போன கதை

சோனி டிவியின் இந்தித் துப்பறியும் தொடர் சிஐடி எப்போது கெட்டுப்போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதில் வரும் இன்ஸ்பெக்டர் தயா வாராவாரம் கதவை உடைக்க ஆரம்பித்தபோது என்பார் ஒருவர். பேய்க் கதைகள் வந்தபோது என்பார் இன்னொருவர். படம் ரிலீசாகிற வாரத்தில் இந்தி நடிகர்கள் வந்து உட்கார்ந்தபோதே முடிந்தது என்பார் மூன்றாமவர். எனக்கு இதெல்லாம் சில்லறைக் குறைகள். செத்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதை அந்தக் கதைகள் எப்போது விட்டனவோ, அப்போது போயிற்று.

சேலத்துக்காரனுக்கு இந்தித் தொடரோடு என்ன ஒட்டு என்று தோன்றலாம். நான் வளர்ந்தது உருக்காலை குவார்ட்டர்ஸில், மோகன் நகர். பிலாய், ரூர்கேலா, பொக்காரோ என்று மற்ற உருக்காலை ஊர்களிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. எங்கள் எதிர்வீடு பிலாய்க்காரர்கள். சிஐடி போடுகிற இரவில் அந்த வீட்டு ஆன்ட்டி முன்கதவைத் திறந்தே வைத்திருப்பார். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் நாங்கள் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவோம். எங்களுக்கு இந்தி தெரியாது. ஆன்ட்டி முக்கியமான இடத்தில் மட்டும் வாய் திறப்பார்: "தோட்டக்காரன் பொய் சொல்றான். அவன் அன்னிக்கி வரலை." அது போதும். மீதியை முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வோம்.

1998 ஜனவரியில் தொடங்கிய தொடர். ஆரம்ப வருடங்களில் ஒரு வழக்கு இரண்டு வாரம் ஓடும். முதல் வாரம் பிணம், வீடு, வீட்டுக்கு வந்துபோனவர்கள், ஒவ்வொருவரும் சொல்லும் கதை. அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாகம் வரும்வரை குவார்ட்டர்ஸ் முழுக்க இதே பேச்சுதான். பால் வாங்க நிற்கும்போது பெரியவர்கள்கூட, "அந்தக் கணக்குப்பிள்ளைதானே?" என்று கேட்பார்கள். தொடரை உருவாக்கிய பி.பி. சிங் தூர்தர்ஷனில் செய்திக் கேமராமேனாக இருந்து வந்தவர். அந்தக் கை முதல் வருடங்களில் தெரியும். சின்ன அறை, மங்கல் வெளிச்சம். (பின்னாளில் 'லகான்' எடுத்த அஷுதோஷ் கோவாரிகர் அப்போது அதில் இன்ஸ்பெக்டராக நடித்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை.)

உச்சம் என்றால் எனக்கு 2004தான். 111 நிமிடம், ஒரே ஷாட், வெட்டே இல்லை. கின்னஸில் இடம்பிடித்த எபிசோட். சாதனைக்காகச் செய்ததுதான், ஆனாலும் அதில் கதை இருந்தது. கேமரா ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது, விட்டுவந்த அறையில் இப்போது யார் என்ன செய்கிறார்களோ என்ற பதைப்பு நமக்கே வந்துவிடும்.

அப்புறம் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2018 அக்டோபரில் நிறுத்தியபோது மொத்தம் 1547 எபிசோடுகள். இருபது வருடத்துக்கு வாரம் ஒன்று என்று போட்டால் ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். மீதி எங்கிருந்து வந்தது? வாரக் கடைசியில் அடுத்தடுத்த நாட்களில் போட்டதில் வந்தது. இரண்டு வாரம் விசாரித்த வழக்கை ஒரே இரவில் முடிக்க வேண்டும், மறுநாள் இன்னொரு பிணம் வேண்டும். விசாரிக்க நேரம் ஏது? நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு குறுக்கு வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, தடயவியல் நிபுணர் டாக்டர் சாலுங்கேயின் லேப்: கலர் கலராகக் கொதிக்கிற தண்ணீர், கம்ப்யூட்டரில் ஒரு பீப் சத்தம், உடனே விடை. இரண்டு, கன்னத்தில் ஓர் அறை. குழுத் தலைவர் ஏசிபி பிரத்யுமன் ஒன்று வைத்தால் கொலைகாரன் கடகடவென்று ஒப்பித்துவிடுவான். உனக்குத் தூக்குதான் என்று ஒரு வசனம். முடிந்தது வழக்கு.

இதை எனக்குப் பளிச்சென்று காட்டியது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. நண்பனுடைய பட்டறை. வெள்ளி வாங்கிப் போகிற மார்வாடி வியாபாரி ஒருவர் வந்தால் அவருக்காக சோனி வைப்பார்கள். அவர் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் போனபோது சிஐடி மறு ஒளிபரப்பு. சலங்கை கோத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், இந்தி ஒரு எழுத்து தெரியாதவர், தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார். "அந்த நீலச் சட்டைதான்" என்றார். மறுபடி குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டைக்கு அறை விழுந்தது.

"எப்படிண்ணா?"

"யாரு ரொம்ப நல்லவனாட்டம் கண்ணைத் துடைக்கிறானோ அவன்தான். தினமும் இதேதானே பண்றாங்க."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, அவர் மேல் அல்ல. நாங்கள் ஒரு வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட தொடர் அது.

ஆனால் அடிப்படை எங்கே ஆடிப்போனது என்று எனக்குப் புரியவைத்தவர் ஏற்காட்டில் இருக்கிறார். ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் அத்தை வீடு. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஏட்டு, ஸ்டேஷன் ரைட்டராகவே பல வருடம் ஓட்டியவர். மழைக்காலம். டிஷ்ஷில் படம் வருவதும், சிக்னல் இல்லை என்று நீலத்திரை விழுவதுமாக இருந்தது. அத்தை மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். ஏட்டையா வந்து உட்கார்ந்தார். டிவியில் ஒரு பிணத்தைச் சுற்றி ஆறு அதிகாரிகள் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, எவனாவது குனிஞ்சு செத்தவன் சட்டைப் பையில கைய விட்டானா பாரு" என்றார்.

விடவில்லைதான்.

அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். சந்தேக மரணம் என்று தகவல் வந்தால் முதலில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் வழக்குப் போடுவார்கள். (இப்போது புதுச் சட்டத்தில் எண் மாறிவிட்டது, வாயில் இன்னும் 174தான்.) அப்புறம் பஞ்சாயத்தாரை வரவழைத்துப் பிரேத விசாரணை. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இறந்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார்? "அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் தம்பி நாயா அலைவோம். எஸ்டேட்டுல கேட்போம், டீக்கடையில கேட்போம், பஸ் கண்டக்டரைக் கேட்போம். பையில ஒரு பஸ் டிக்கெட் இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும். அதை வெச்சு அவன் அன்னிக்கி எங்க இருந்து எங்க வந்தான்னு பிடிப்போம். செத்தவனைப் பத்தித் தெரிஞ்சாத்தான் கொன்னவனைப் பத்தித் தெரியும். விஸ்ராவை, அதான் செத்தவனோட உள்ளுறுப்பை, லேபுக்கு அனுப்பிச்சா ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். இவங்களுக்கு என்னடான்னா காபி ஆறதுக்குள்ள வந்துடுது."

"பழைய சிஐடியில கேப்பாங்க" என்றேன்.

"ஆமா, பழசுல கேப்பாங்க. அதனாலதான் நானும் பார்த்தேன்."

இதற்கு மேல் விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது. கடைசியாக யார் பார்த்தது என்ற அந்தக் கேள்விக்குத்தான் பழைய சிஐடி இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. பின்னாளில் அந்த இடத்தை அதிகாரிகளின் சொந்தக் கதை பிடித்துக்கொண்டது. தயாவைக் கடத்தினார்கள், இன்னொரு இன்ஸ்பெக்டர் அபிஜித்துக்கு நினைவு தப்பியது, ஏசிபிக்கு எதிரிகள் முளைத்தார்கள். வழக்கு இவர்களுக்கு நேர்கிற ஆபத்துக்கு ஒரு சாக்கு ஆகிவிட்டது. செத்தவர் பெயர் எபிசோட் முடியும்போது எனக்கு ஞாபகம் இருக்காது. குவார்ட்டர்ஸ் காலத்துப் பிணங்கள் சிலவற்றின் பெயர், தொழில், பெண்டாட்டியோடு என்ன சண்டை என்பது வரை இன்னும் நினைவிருக்கிறது.

என் அக்கா மகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். கல்லூரியில் படிக்கிறாள், யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தே வளர்ந்தவள். "மாமா, இதைக் கொலைக் கதைன்னு யார் பார்க்கறா? இது காமெடி. கதவு உடையறது, சாலுங்கேயும் ஏசிபியும் சண்டை போடறது, ஃபிரெடி பயப்படறது, இதுக்குத்தான் பார்க்கறோம்." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஃபிரெடியாக நடித்த தினேஷ் பட்னிஸ் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருமே எழுதினார்கள், சிஐடியைத் திட்டித் தீர்ப்பவன் உட்பட. அந்த மனிதர்கள் மேல் எங்களுக்கு இருந்த ஒட்டுதல் போகவே இல்லை. அதனால்தான் கதையின் மேல் இத்தனை கோபம்.

2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது ஆசையாகத்தான் உட்கார்ந்தோம். படம் பளபளவென்று இருந்தது, நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. ஆனால் முதல் அடியே அபிஜித் தயாவைச் சுடுவது. மறுபடி இவர்கள் கதை. 2025 ஏப்ரலில் குண்டுவெடிப்பில் ஏசிபியையே சாகடித்தார்கள். சேனல் படம் போட்டு அஞ்சலி செலுத்தியது. வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தை ஒருவன் போட்டான், கீழே இரண்டு சிரிப்பு பொம்மைகள் விழுந்தன, பிறகு பேச்சு ஓமலூர் டோல்கேட்டுக்குப் போய்விட்டது. எந்தத் தொடரில் யார் செத்தாலும் திரும்பி வருவார்கள் என்று இத்தனை வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தானே.

சில வாரங்களில் ஏசிபியாக நடித்த சிவாஜி சாட்டம் திரும்பி வந்துவிட்டார். எப்படிப் பிழைத்தார் என்று அக்கா மகள் உட்கார வைத்து விளக்க ஆரம்பித்தாள். மாவு தீர்ந்துபோச்சு என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.