காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் பழகியவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் நடனத்தின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டுங்கள்.

1972-ல் அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த இந்த வடிவத்தில் முன்கூட்டியே அமைத்த அசைவுகள் கிடையாது. இருவர் உடல்கள் தொடும் புள்ளி உருண்டு நகர, எடையைக் கொடுப்பதும் வாங்குவதுமாக நடனம் பிறக்கிறது. அவர் அய்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை பயின்றவர். அதைப்போல விழுவதும் உருள்வதும் இந்த நடனத்திலும் அடிப்படைப் பாடம். எனக்கு மிகவும் பிடித்தது அவர் வகுத்த 'சின்ன நடனம்'. சும்மா நின்றபடி, உடல் தன்னை நிமிர்த்தி வைத்துக்கொள்ளச் செய்யும் நுண்ணிய அசைவுகளைக் கவனிப்பது. தினமும் செய்கிறேன், அலுக்கவே இல்லை.

சிக்கல் எடை கொடுப்பதில்தான். சாயும்போது கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன. பாதி எடையை நானே பிடித்து வைத்துக்கொள்கிறேன். இந்தப் பயம் விலக உங்களுக்கு எந்தப் பயிற்சி உதவியது? தனியாகத் தரையில் உருண்டு பழகினால் போதுமா, ஒரே துணையுடன் தொடர்ந்து ஆட வேண்டுமா?

அப்புறம், வாராந்திர வகுப்பு நல்லதா, சில நாள் தீவிரப் பட்டறையா? வகுப்பில் ஊறிய பிறகே பட்டறை என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஜாம்களுக்கு, அதாவது பலர் கூடி இந்த நடனத்தைச் சுதந்திரமாக ஆடும் கூடல்களுக்கு, போகிறவர்களிடம் இன்னொரு கேள்வி. ஆட்டத்தின் நடுவே விலக நினைத்தால் எப்படித் தெரிவிக்கிறீர்கள்? தொட்டு ஆடும் நடனத்தில் இந்த எல்லை தெளிவாக இருந்தே ஆக வேண்டும். பட்டறையில் சேரும் முன் ஆசிரியரிடம் இதுபற்றி என்னென்ன கேட்கலாம் என்றும் சொன்னால் பேருதவியாக இருக்கும். நன்றி.