'படியெடுப்புக்குப் பிந்தைய ஒழுங்குபடுத்தல்': சுருக்கமான சொல் தேவை

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

வணக்கம். டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வைச் செல் எப்படி வெட்டுகிறது, காக்கிறது, அடக்குகிறது, அழிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துக் குறிக்க மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கின்றன: 'படியெடுப்புக்குப் பிந்தைய ஒழுங்குபடுத்தல்', 'பின்படியெடுப்பு ஒழுங்காக்கம்', 'படியாள்கை'. இந்தச் சொல் கோணினால் இதன்மேல் எழும் சொற்களெல்லாம் கோணும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது ஒரு விளக்கம், பெயர் ஆகாது. இரண்டாவது பொருளையே மாற்றிவிடுகிறது: 'பின்படியெடுப்பு' என்றால் பிற்பாடு எடுக்கும் படி என்றுதான் வாசகர் கொள்வார். இரண்டிலும் உள்ள 'பின்'தான் என்னை அதிகம் உறுத்துகிறது. படியில் வேண்டாத துண்டுகளான இன்ட்ரான்களை வெட்டி, வேண்டிய துண்டுகளான எக்சான்களை இணைக்கும் வேலை பல மரபணுக்களில், படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி டி.என்.ஏ. மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர் (post-transcriptional regulation) காலத்தைச் சுட்டுகிறது என்பதற்காக நாமும் காலத்தையே சுட்ட வேண்டியதில்லை. எது நெறிப்படுத்தப்படுகிறதோ அதைச் சொன்னால் போதும்.

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் இரும்பைச் சேமிப்பது ஃபெரிட்டின். வெளியிலிருந்து இரும்பை உள்ளே கொண்டுவருவது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. இரண்டின் தூது ஆர்.என்.ஏ.க்களிலும் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் படிகளிலும்) கொண்டை ஊசி போல மடிந்த பகுதிகள் உண்டு. இரும்பு குறையும்போது ஒரே வகைப் புரதங்கள் வந்து அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. ஃபெரிட்டின் படியில் அந்த மடிப்பு தொடக்கத்தில் இருப்பதால், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வேலையைத் தொடங்க முடியாமல் போகிறது. சேமிப்புப் புரதம் உருவாவதில்லை. ஏற்பியின் படியில் மடிப்புகள் வால்பகுதியில் இருக்கின்றன. அங்கே பற்றிய புரதம் படியைச் சிதைவிலிருந்து காக்கிறது, ஏற்பி பெருகுகிறது. ஒரே பிடி ஒரு படியை அடக்குகிறது, இன்னொன்றை வாழவைக்கிறது. படியெடுப்பின் வேகத்தைத் தொடாமலே செல் தன் இரும்புக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது.

அந்த மடிப்பே பழுதானால் என்ன ஆகும்? ஃபெரிட்டினின் இரு வகைச் சங்கிலிகளில் ஒன்றான மென்சங்கிலியின் மரபணுவில், புரதத்தைக் குறிக்கும் பகுதி ஒழுங்காக இருந்தும், இந்த மடிப்பில் மட்டும் பிறழ்வு ஏற்பட்ட குடும்பங்களைப் பற்றி 1995-இல் அறிக்கைகள் வெளியாயின. உடலில் இரும்பு மிகவில்லை, ஆனாலும் இரத்தத்தில் ஃபெரிட்டின் மிக அதிகம், இளவயதிலேயே கண்புரை. காரணம் தெரியாத மருத்துவர் இரும்பு மிகுதி என்று எண்ணி இரத்தத்தை வெளியேற்றினால் நோயாளிக்கு வீணே இரத்தசோகைதான் வரும். நோய் படியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தமிழில் தெளிவாகச் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும்.

முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயும் அப்படித்தான். எஸ்.எம்.என்.1 மரபணுவை இழந்த குழந்தையிடம் கிட்டத்தட்ட அதே போன்ற எஸ்.எம்.என்.2 இருக்கிறது. ஏழாவது எக்சானில் ஓர் எழுத்து வேறுபாடு. அமினோ அமிலம் மாறுவதில்லை. ஆனால் அந்த எக்சான் பெரும்பாலான படிகளில் விடுபட்டுப்போகிறது, நிலைக்காத புரதம் உருவாகிறது. உயிரியல் ஆய்வாளர் ஏட்ரியன் கிரெய்னர் பங்கேற்ற ஆய்வுகளிலிருந்து உருவான நுசினெர்சென் மருந்து, படியின் மேல் ஒட்டிக்கொண்டு அந்த எக்சானை உள்ளே வைத்திருக்கச் செய்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மரபணு அப்படியே இருக்கிறது. மருந்து தொட்டது படியை.

ஆகவே என் முன்மொழிவு: படியெடுக்கும் செயலை நெறிப்படுத்துவது 'படியெடுப்பு நெறிப்பாடு', எடுத்த படியை நெறிப்படுத்துவது 'படிநெறிப்பாடு'. 'படியாள்கை' ஓசையில் இதைவிட அழகு. ஆனால் 'படியாள்' என்றால் நெற்கூலிக்குப் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர். அந்தத் துயரத்தின் பெயரை ஓர் உயிரியல் சொல்லுக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்

——

மறுமொழி:

அன்புள்ள ஐயா,

'பின்' வேண்டாம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். வகுப்பறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 'படி' என்றதும் மாணவர்கள் படிநிலையை நினைப்பார்கள்; 'படிமுறை' ஏற்கெனவே கணினித் துறைக்கு (algorithm) போய்விட்டது. 'தூதுநெறிப்பாடு' என்று வைத்தால் என்ன? 2024-இல் விஞ்ஞானிகள் விக்டர் அம்புரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் நோபெல் பரிசு பெற்றுத்தந்த குறு ஆர்.என்.ஏ.க்கள்கூடத் (microRNA) தூது ஆர்.என்.ஏ.வைத்தானே அடக்குகின்றன?

——

மறுமொழி:

அம்மா, வணக்கம்.

அடக்கப்படுவது தூது ஆர்.என்.ஏ. என்பது சரியே. ஆனால் அடக்கும் குறு ஆர்.என்.ஏ.வும் நீண்ட படியாகப் பிறந்து, இருமுறை வெட்டப்பட்டுத்தான் வேலைக்கு வருகிறது. அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.வும் ரைபோசோமின் பகுதியான ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் அப்படியே வெட்டப்பட்டுச் செப்பமாகின்றன. 'தூது' என்றால் இவையெல்லாம் வெளியே நின்றுவிடும். உங்கள் தயக்கத்துக்கு ஒரு வழி: பாடநூலில் முதன்முறை வரும் இடத்தில் 'ஆர்.என்.ஏ. படிநெறிப்பாடு' என்று எழுதுவோம். அதன்பின் சுருக்கமே போதும். உங்கள் மாணவர்களிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்து, அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள். அதுவரை நம் சொற்பட்டியலில் இதைப் 'பரிந்துரை' என்றே வைத்திருக்கிறேன்.