ஸ்ட்ரைசாண்ட் அந்த நாடகத்தில் நடிக்கவே இல்லை

இசைத்தட்டுக்காரன்: நேற்று இங்கே ஒருவர், "நியூயார்க்கில் ஆஃப்-பிராட்வேயில், அதாவது சின்ன அரங்கில், 42 வருடம் ஓடிய இசை நாடகம் தி ஃபான்டாஸ்டிக்ஸில் நடித்துத்தான் அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் மேலே வந்தார்" என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பத்துப் பேர் கைதட்டல் வேறு. நடிக்கவில்லை ஐயா. 1963இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் அந்த நாடகத்துப் பாட்டு இரண்டு இருக்கிறது, 'மச் மோர்', 'சூன் இட்ஸ் கானா ரெயின்'. அவ்வளவுதான்.

மாடிவீட்டு மைனர்: நான்தான் எழுதினேன். பெயர் சொல்லியே திட்டலாமே, "ஒருவர்" என்ன ஒருவர்? 11 பாட்டில் 2 ஒரே நாடகத்திலிருந்து வந்தால் அதற்குப் பெயர் தொடர்பு இல்லையா? 'மச் மோர்' லூயிசா என்ற 16 வயதுப் பெண் பாடுவது, எல்லாரையும் போல வாழ்ந்து தொலைக்க மாட்டேன் என்று துடிக்கிற பெண். ஸ்ட்ரைசாண்ட் குரலில் கேட்டால் லூயிசாவே எதிரில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இசைத்தட்டுக்காரன்: மாதிரி! "நடித்தார்" என்றவர் இப்போது "தொடர்பு" என்று நழுவுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். நானும் குளிக்கும்போது அந்த நாடகத்து 'ட்ரை டு ரிமெம்பர்' பாடுகிறேன், அதனால் நான் நடிகர் ஜெர்ரி ஆர்பாக்கா? 1960இல் எல் காயோ என்ற பாத்திரமாக மேடையில் நின்று அதைப் பாடியவர் அவர்.

கரிசல்காடு: 42 வருடமும் தப்பு. 1960 மே 3 முதல் 2002 ஜனவரி 13 வரை. 41 வருடம், 8 மாதம். 17,162 காட்சி.

மாடிவீட்டு மைனர்: மிச்ச மாதத்துக்கு வட்டி போட்டுத் தரட்டுமா?

கரிசல்காடு: தப்பைத் தப்பு என்றால் கோபம் வருகிறது.

சுண்டல்பொட்டலம்: இந்த நாடகத்தை எழுதியதே பாடகர் டாம் ஜோன்ஸ்தானே, அவரை ஏன் எல்லாரும் விட்டுவிட்டீர்கள்?

இசைத்தட்டுக்காரன்: கடவுளே. அவர் வேறு டாம் ஜோன்ஸ் தம்பி. பாடகர் வேல்ஸ்காரர், 1940இல் பிறந்தவர், நாடகம் தொடங்கியபோது அவருக்கு 19 வயது. வசனமும் பாடல் வரியும் எழுதியவர் டெக்சாஸ்காரர், 2023இல் காலமானார். இசை ஹார்வி ஷ்மிட். நாடகம் ஓடிய சலிவன் தெரு அரங்கில் 153 இருக்கைதான், வாத்தியம் ஒரு பியானோ, ஒரு ஹார்ப், ஒரே அட்டையின் ஒரு பக்கம் நிலா, திருப்பினால் சூரியன். அந்த மேடையில் ஸ்ட்ரைசாண்ட் கால் வைக்கவில்லை. அவர் நடித்த ஆஃப்-பிராட்வே நாடகம் 1961இல் வந்த 'அனதர் ஈவ்னிங் வித் ஹாரி ஸ்டூன்ஸ்'. ஓடியது ஒரே ஒரு இரவு! ஒன்று எங்கே, பதினேழாயிரம் எங்கே.

சுண்டல்பொட்டலம்: கேட்டது ஒரு வரி, அதற்கு இவ்வளவு பெரிய வகுப்பா.

மாடிவீட்டு மைனர்: பேராசிரியர் ஒன்றை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். நடிகர் எலியட் கூல்ட், ஸ்ட்ரைசாண்டின் அப்போதைய கணவர், நடிகை லைசா மினெல்லியோடு சேர்ந்து இதே நாடகத்தை ஊர் ஊராகப் போட்டவர். இதுவும் தொடர்பில்லையா?

இசைத்தட்டுக்காரன்: புருஷன் வேஷம் கட்டினால் பெண்டாட்டி நடித்ததாகிவிடுமா? போன மாதம் பாடகர் சினாட்ரா பற்றிய பேச்சில் உங்களை மடக்கினேன், அந்தப் புகைச்சல் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது.

மாடிவீட்டு மைனர்: மடக்கினீர்களா? நான்தான் சாப்பிடப் போனேன்.

கரிசல்காடு: சினாட்ரா இருக்கட்டும். மைனர் நேற்றுப் போட்ட பதிவில் 42ஐ இன்னும் திருத்தவில்லை.

சுண்டல்பொட்டலம்: 2006இல் மறுபடி தொடங்கி 2017 வரை ஓடியதே, ஜெர்ரி ஆர்பாக் பெயர் வைத்த அரங்கில். அதையும் கூட்டினால் 52 வருடம் வருமே?

கரிசல்காடு: அதைக் கூட்டக் கூடாது. அது தனி.

இசைத்தட்டுக்காரன்: கூட்டுங்கள், கழியுங்கள். அதிலும் ஸ்ட்ரைசாண்ட் நடிக்கவில்லை.