வைசரில் கொழுவும் புளூடூத் ஸ்பீக்கர்: ஹயர் ஓட்டத்தில் கண்டது

நான் விசுவமடுவில் இருந்து ஹையேஸ் வான் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகிறவர்கள், கலியாண வீடு, செத்த வீடு என்று எல்லா ஓட்டமும் வரும். இந்தத் தொழிலில் போன் அடிக்கும்போது எடுக்காவிட்டால் அந்த ஹயர் அடுத்தவருக்குப் போய்விடும். ஸ்ரியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனைக் காதில் வைப்பது குற்றமும்கூட, ஆபத்தும்கூட. அதனால்தான் வைசரில், அதாவது முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்க மடித்துவிடுகிற தட்டில், கொழுவுகிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பின்னால் ஒரு கிளிப், முன்னால் கோல் எடுக்க ஒரு பெரிய பொத்தான். கண்ணை றோட்டிலிருந்து எடுக்காமல் கைபட்டே அமத்தலாம்.

வாகன ரேடியோவிலேயே இந்த வசதி இருக்குமே என்று கேட்பீர்கள். புது வாகனங்களில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து இறக்கிய என் பழைய வானில் இல்லை. எப்எம் வழியாக ரேடியோவுக்கே சத்தத்தை அனுப்பும் ஸ்பீக்கர்களும் உண்டு, ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஜப்பானின் பழைய ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இந்தச் சாமான்கள் அனுப்புவது 88க்கு மேலே. நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளிக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டு, ஸ்பீக்கரின் சொந்தச் சத்தத்தையே பாவிக்கிறேன்.

பரந்தன் றோட்டில் தெளிவாகக் கேட்கும். உள்ளே கிரவல் ஒழுங்கைகளில் இறங்கினால் மறுபக்கத்தில் இருப்பவருக்கு என் குரலைவிட வானின் கடகடப்புத்தான் கேட்கும். ஏசிக் காற்று மைக்கில் நேராக அடித்தாலும் அப்படித்தான். சத்தத்தைக் கூட்டி வைத்தால் அவர் பேசியது அவருக்கே திரும்பக் கேட்கிறது என்பார்கள். கொஞ்சம் குறைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.

எனக்கு இந்தச் சாமானில் பெரிய பற்று வந்தது ஒரு ஐயாவால். தருமபுரத்திலிருந்து அவரை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். காது மந்தம். வீட்டில் போனைக் காதில் வைத்துக் கொடுத்தால் “ஆ? ஆ?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று மருமகள் சொல்லித்தான் ஏற்றிவிட்டா. ஆனையிறவு தாண்டியதும் டொரன்டோவிலிருந்து மகன் எனக்கு எடுத்தார்: “அண்ணை, அப்பா ஏறிட்டாரோ?” இயக்கச்சியில் வானை ஓரங்கட்டினேன். ஸ்பீக்கரைக் கழற்றி ஐயாவின் பக்கத்து வைசரில் கொழுவி, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டேன். மகன் “அப்பா” என்றதும் ஐயா நிமிர்ந்து இருந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து மடியில் வைத்தார். வைசரைப் பார்த்து, “சாப்பிட்டியோ மோனை?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். கொடிகாமம் வரும்வரை இரண்டு பேரும் கதைத்தார்கள். மாட்டுக்கு என்ன தீன், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், பேரப்பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம் வந்தது. நான் றோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஸ்பீக்கர் என்றால் வானுக்குள் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். இதை வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். என்னோடு ஓடுகிற ஒரு அண்ணை முறிகண்டியில் நிப்பாட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியிருக்கிறார். போன் சட்டைப்பையில். கோல் வர எடுத்து “ஹலோ, ஹலோ” என்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. புளூடூத் பத்து மீற்றர் வரை எட்டுமே, கடன் கேட்டு எடுத்தவரின் குரல் முழுக்க வானுக்குள் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. இறங்கும்போது ஸ்பீக்கரை நிப்பாட்டிவிட்டு இறங்குவது நல்லது. கதவு திறந்து மூடுகிற அசைவைப் பிடித்துத் தானாக எழும்புகிற, ஆள் போனதும் தானாக அணைகிற மொடல்களும் இருக்கின்றன.

அதைவிடப் பாரமான ஒன்று எனக்கு நடந்தது. ஒரு அம்மாவைக் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். லண்டனிலிருந்து மகள் எடுத்தா. நான் எப்போதும் பொத்தானை அமத்தியதும் முதலில் சொல்கிற வசனத்தையே சொன்னேன்: “தங்கச்சி, அம்மாவும் இருக்கிறா, ஸ்பீக்கரில போகுது.” மறுபக்கம் சத்தமே இல்லை. பிறகு, “சரி அண்ணை, வீட்டை போனாப்பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டா. பின்னேரம்தான் விசயம் தெரிந்தது. டொக்டர் மகளிடம் போனில் சொன்னதை அம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. “அம்மாக்குத் தெரியுமோ” என்று கேட்கத்தான் எனக்கு எடுத்திருக்கிறா. ஸ்பீக்கர் பாவிக்கிற ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது இது: யார் எடுத்தாலும், ஹலோவுக்கு முதல், உள்ளே ஆக்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை ஸ்ரியரிங்கில் இருக்கிறது என்பதால் பயமில்லை என்று நினைக்கக்கூடாது. டொரன்டோவில் விபத்தில் சிக்கிய சாரதிகளின் போன் பில்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. போனில் கதைக்கும்போது விபத்து ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காத போன்களால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை என்றும் அதில் கண்டார்கள். எனக்கு அது வியப்பில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வாகனம் 19 மீற்றர் போய்விடும். இரவில் எங்கள் பக்கத்தில் மாடுகள் தார் றோட்டின் சூட்டுக்காக அதன் நடுவிலேயே படுத்திருக்கும். கறுத்த மாடு லைட்டுக்குள் வரும்வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் றோட்டுக் கரையெல்லாம் நெல் காயும், அதோடு சின்னப் பிள்ளைகளும் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஹயர் பேரம் பேசினால் மனம் கணக்கில்தான் நிற்கும். ஆகையால் நான் ஓடும்போது இவ்வளவுதான் கதைப்பேன்: “ஓடிக்கொண்டிருக்கிறன், நிப்பாட்டிட்டு எடுக்கிறன்.” திகதி, இடம், காசு எல்லாம் ஓரங்கட்டிய பிறகு. அப்படிச் சொன்னதற்காக யாரும் வேறு வானுக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

பற்றரி பற்றி ஒரு சொல். கண்ணாடி பூட்டிய வானில் ஆவணி வெயிலில் வைசரிலேயே விட்டால் லிதியம் பற்றரி சீக்கிரம் பழுதாகும். கழற்றி டாஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற கோல்களில் பெரும்பாலானவை வாட்சப்பில்தான் வருகின்றன. என் போனில் அவற்றை ஸ்பீக்கரின் பொத்தானால் எடுக்க முடியவில்லை, திரையைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. ஓடும்போது நான் அதைத் தொடுவதில்லை. வாட்சப் கோலையும் பொத்தானாலேயே எடுக்கக்கூடிய மொடல் யாராவது பாவித்திருந்தால், எந்தப் போனோடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.