விடுகணம்: கூடைப்பந்தின் இறுதிக்கண எறிவுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கூடைப்பந்தில், ஆட்ட நேரம் முடிந்ததை அறிவிக்கும் ஒலி எழும் தறுவாயில் எறியப்படும் ‘பஸ்ஸர் ஷாட்’ என்பதற்கு ‘மணிமுந்து எறிவு’ என்ற சொல்லை நம் நண்பர் முன்வைத்துள்ளார். ஓசை நயமுள்ள சொல்தான். ஆயினும் நடுவர் எதைப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறாரோ அதை அது காட்டவில்லை. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, வளையத்தின் பின்னுள்ள பலகையைச் சுற்றி, நேரம் முடிந்ததும் எரியும் சிவப்பு விளக்கு இருந்தால் ஒலியைவிட விளக்குக்கே முதன்மை. ‘ஒளிமுந்து’ என்று மாற்றினாலும் பொருந்தாது. மதுரை வட்டாரத்துப் பள்ளி மைதானங்கள் பலவற்றில் அத்தகைய விளக்கு இல்லாததால், நேரம் குறிப்பவரின் மேசையிலிருந்து எழும் ஒலியைக் கொண்டே நடுவர் முடிவெடுக்கிறார். மேலும், ‘முந்து’ என்று சொன்னவுடனே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம். நடுவர் காணொளியைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த எறிவை என்னவென்று எழுதுவது?

பந்து வளையத்துக்குள் விழும்போது நேரம் முடிந்திருந்தாலும் குற்றமில்லை. கடிகாரம் 0.0 காட்டுமுன் பந்து கையை விட்டு நீங்கியதா என்பதே கேள்வி. விரல்நுனி பந்தில் பட்டிருக்கையிலேயே விளக்கு எரிந்துவிட்டால், எவ்வளவு அழகாக உள்ளே விழுந்தாலும் புள்ளி கிடையாது. நம் ஊர் ஆட்டக்காரர்களும் நடுவரிடம் ஓடிச்சென்று, “பந்து கைய விட்டுருச்சு சார்!” என்றுதான் முறையிடுகிறார்கள். அவர்கள் வாயிலுள்ள அந்த வினையைக் கொண்டே, பந்து கையை விட்டு நீங்கும் கணத்தை ‘விடுகணம்’ என்று ஆக்கலாம் என்பது என் பரிந்துரை. பத்தில் ஒரு பங்கு நொடியை அளக்கும் இடத்தில் ‘விடுநொடி’ குழப்பும், ஆகவே ‘கணம்’.

இதற்கு இணையாக, பந்தைத் தொடும் கணத்துக்குத் ‘தொடுகணம்’ என்ற சொல்லும் தேவை. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுபவர் அதைக் கையிலிருந்து விட்டதும் கடிகாரம் ஓடுவதில்லை. களத்திலுள்ள ஒருவர் பந்தைத் தொட்ட பின்னரே, நடுவர் உயர்த்திய கையைச் சட்டென இறக்க, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 1990 ஜனவரி 15 அன்று, நியூயார்க் நிக்ஸ் அணியின் டிரென்ட் டக்கர் 0.1 நொடியே எஞ்சியிருந்தபோது பந்தை வாங்கித் திரும்பி எறிந்த கூடை செல்லும் என்று அறிவிக்கப்பட்டு, சிகாகோ புல்ஸ் தோற்றது. தொடுகணத்துக்கும் விடுகணத்துக்கும் இடையே அவ்வளவு குறைந்த நேரம் இருக்கவே முடியாது என்ற வாதம் வலுத்து, பந்தைப் பிடித்து எறியக் குறைந்தது 0.3 நொடி வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ. கொண்டுவந்தது. ஃபிபாவின் விதியும் அதுவே. 0.2 அல்லது 0.1 நொடி இருந்தால் பந்தைத் தட்டிவிடலாம், அல்லது நேராக வளையத்துள் திணிக்கலாம் (‘டங்க்’), அப்போதும் 0.0 ஆகும்போது கை பந்தில் படக்கூடாது. எறிதல், தட்டல், திணித்தல் மூன்றுக்கும் விடுகணமே அளவுகோலாக நிற்பதால்தான் இச்சொல்லை வலியுறுத்துகிறேன்.

எறிவை ‘இறுதிக்கண எறிவு’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால், “இறுதிக்கண எறிவின் விடுகணம் நேரத்துக்குள் அமைந்ததால் கூடை செல்லும்” என்று நடுவர் கையேட்டில் ஐயமின்றி எழுத முடியும். ‘திணித்தல்’ மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. களத்தில் வழங்கும் வேறு சொல் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.